ஐந்து ஒயர் சென்சார்

திண்டுக்கல்
12.6.2004

கௌசல்யாவுக்கு,

அண்ணன் சோலைமலை எழுதுவது. பொங்கலுக்கு வந்து சண்டை போட்டுவிட்டுக் கிளம்பும்போது இனி உன்னோடு பேசவே மாட்டேன் என்றாய். சரி, பேச வேண்டாம், படித்தால் போதும். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி. அப்பா மட்டும் நீ போன் செய்யும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் காலையிலேயே குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார். தினமும் பட்டறையில் அவர் கண் முன்னால்தான் நான் கிடக்கிறேன். எனக்காக அவர் ஒரு நாளும் சட்டை மாற்றியதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தோல் வியாபாரம் செய்யும் செபஸ்தியான் சாரை உனக்குத் தெரியும். அவருடைய பந்தயக் காரை இத்தனை வருடமாக நான்தான் பார்த்தேன். அது கார்புரேட்டர் வண்டி, காதாலேயே சரி செய்துவிடுவேன். இப்போது இன்ஜெக்‌ஷன் கார் வாங்கியிருக்கிறார். பெட்ரோல் எவ்வளவு போக வேண்டும் என்பதை ஒரு கம்ப்யூட்டர் பெட்டிதான் தீர்மானிக்கிறது. லேப்டாப்பை மாட்டி அந்தக் கணக்கை மாற்றப் பழகிவிட்டேன். ஆனால் மாற்றியது சரியா தப்பா என்று தெரிந்துகொள்ள என்னிடம் ஒன்றும் இல்லை.

போன வாரம் வந்தவர் கேட்டார். "சோலை, மதுரையில ஆல்வின் கடையில கலர் கலரா லைட் எரியிற மீட்டர் வச்சிருக்கான். ஒங்கிட்ட என்ன இருக்கு?" எங்கிட்ட காது இருக்கு சார் என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிரிப்பு எனக்குச் செரிக்கவில்லை. அந்த ஆல்வின் நம் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு போனவன். அக்டோபரில் கோயம்புத்தூர் பந்தயம். அதற்குள் நான் ஒரு வழி பண்ணாவிட்டால் கார் ஆல்வினிடம் போய்விடும். அது போனால் பின்னாலேயே எல்லாம் போகும்.

நீ அங்கே ஏசி ரூமில் உட்கார்ந்து இந்த மீட்டரைத்தானே பார்க்கிறாய். எதை வாங்குவது என்று எழுது. நான் கேட்டதாக அப்பாவிடம் சொல்ல வேண்டாம்.

சோலைமலை

*

ஸ்ரீபெரும்புதூர்
20.6.2004

அண்ணனுக்கு,

ஏசி என்ஜினை அளக்கிற கருவிகளுக்கு. எனக்கு இல்லை. நான் சோதனைக் கூடத்துக்கு உள்ளே என்ஜின் பக்கத்தில் நின்று வேர்க்கிறவள்.

நீ எழுதிய தாளில் கிரீஸ் விரல் பதிந்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாசம் பொங்கவில்லை, எரிச்சல்தான் வந்தது. பட்டறையில் ஒரு மூலை கொடு, நானும் வந்து வேலை செய்கிறேன் என்று பொங்கலன்று கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "பொம்பளப் பிள்ள பட்டறையில நின்னா வர்றவன் வண்டியப் பாக்க மாட்டான், ஒன்னயத்தான் பாப்பான்." அப்பாவும் வாயைத் திறக்கவில்லை. உனக்கு ஒரு பட்டறையே சும்மா கிடைத்தது. எனக்கு ஒரு மூலை கிடைக்கவில்லை. அந்தக் கையால் இப்போது என்னிடம் கேட்டு எழுதியிருக்கிறாய். இருக்கட்டும். கேட்டதற்குச் சொல்கிறேன்.

ஆல்வின் வைத்திருப்பது பழைய வகை. சமையலில் உப்பு கூடுதலா குறைவா என்று மட்டும் சொல்லுமே தவிர எவ்வளவு என்று சொல்லாது. காற்று பதினாலே முக்கால் பங்கு, பெட்ரோல் ஒரு பங்கு, அந்த ஒரு இடம்தான் அதற்குத் தெரியும். பந்தயத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது பன்னிரண்டரைக்கு ஒன்று இருக்க வேண்டும். அங்கே அந்த லைட் பன்னிரண்டரைக்கும் பதினொன்றுக்கும் ஒரே கலர்தான் காட்டும். கல்யாண வீட்டு சீரியல் லைட் என்று நினைத்துக்கொள்.

உனக்கு வேண்டியது வைட்பேண்ட், புகையை முகர்ந்து கணக்குச் சொல்கிற சென்சார். ஐந்து ஒயர் இருக்கும். எவ்வளவு என்பதை நம்பராகச் சொல்லும். அதில் ஜெர்மன் சென்சார் ஒன்று, ஜப்பான் சென்சார் ஒன்று. நீ ஜெர்மன் சென்சாரை வாங்கு. கூடவே அதை ஓட்டுகிற பெட்டியும், முள் இல்லாமல் எண் தெரிகிற மீட்டரும் வாங்கு. முள் ஆடுகிற ஆட்டத்தில் உனக்கு வேண்டியதை நீ பார்த்துக்கொள்வாய்.

புகைக் குழாயில் மேல் பக்கமாகச் சாய்த்து மாட்டு, இல்லாவிட்டால் தண்ணீர் தங்கி சென்சார் வெடித்துவிடும். சென்சாருக்குக் கரண்ட் இல்லாமல் என்ஜினை ஓட்டாதே. முக்கியமான ஒன்று. முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது சென்சாரைக் குழாயில் மாட்டக் கூடாது, வெளியே வைத்துத்தான் சுவிட்சைப் போட வேண்டும். அப்போது தன்னைச் சுற்றி இருப்பதை 'இதுதான் காற்று' என்று அந்தப் பெட்டி மனதில் வைத்துக்கொள்ளும். பிறகு எல்லாவற்றையும் அதை வைத்துத்தான் அளக்கும்.

கௌசல்யா

*

திண்டுக்கல்
1.7.2004

கௌசல்யாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாதி கடிதம் பொங்கல் சண்டை. மீதியை நாலு முறை படித்தேன்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் கூடத்தில் எந்த சென்சார்? சும்மா பேச்சுவாக்கில் அப்பாவிடம் கேட்டேன். கேட்டால் போதும், அவருக்கு வாயெல்லாம் பல். "கௌசல்யா ஜப்பான்காரன் சென்சாரை வச்சுத்தான் என்ஜினையே நிறுத்துப் பாக்குது" என்று வந்திருந்த வாடிக்கையாளர் வரைக்கும் சொல்லி முடித்தார். கோயம்புத்தூரில் விற்கிற கடையிலும் விசாரித்தேன். ஜப்பான் சென்சார்தான் உசத்தி, நாள்பட உழைக்கும் என்றார்கள்.

ஆக நீ உபயோகிப்பது ஒன்று, எனக்குச் சொல்வது ஒன்று. உனக்கு உசத்தி, அண்ணனுக்கு மட்டம். அண்ணன் ஒரு படி கீழேயே இருக்கட்டும் என்று நினைத்தாயா? சின்ன வயதில் திருவிழாவில் வாங்கிய பலூனில் பெரியதை நீ எடுத்துக்கொண்டு எனக்குச் சின்னதைக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

இல்லையென்றால் ஏன் என்று காரணம் எழுது. எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

சோலைமலை

*

ஸ்ரீபெரும்புதூர்
9.7.2004

அண்ணனுக்கு,

பெரிய பலூனை நீதான் எடுத்தாய். எடுத்துவிட்டு, கொடைக்கானல் பஸ்ஸின் ஜன்னலில் அதை உடைத்துக்கொண்டு அழுததும் நீதான்.

காரணம் கேட்டாய். எங்கள் கூடத்தில் சென்சாரைத் தொடுவதற்கென்றே ஒரு ஆள் இருக்கிறார். அது கெட்டால் புதியது வருகிற வரைக்கும் நாங்கள் டீ குடித்துக்கொண்டு காத்திருப்போம், யாரும் எங்களைக் கேட்க மாட்டார்கள். உன் பட்டறையில் எண்ணெய்ப் புகை பிடிக்கும், யாராவது கீழே போடுவார்கள், சர்வீசுக்கு வந்தவன் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பான். பந்தயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது அது செத்துப்போனால் ஜப்பான் சென்சாரை எங்கே போய்த் தேடுவாய்? ஜெர்மன் சென்சார் வெளிநாட்டுக் கார்கள் பலவற்றில் கம்பெனியிலேயே வருகிறது. சென்னையில் கடைக்குப் போய் நின்றால் அன்றைக்கே கையில் கிடைக்கும். உன் வேலைக்கு அளவில் இரண்டுக்கும் பேதமில்லை. எது உசத்தி என்பது கடைக்காரன் கேள்வி. எது உன்னிடம் பிழைத்துக் கிடக்கும் என்பதுதான் உன் கேள்வி.

இன்னொன்று. ஒயர் நீளம் பத்தவில்லை என்று பிளக்கை வெட்டி ஒட்டிவிடாதே. உன்னைத் தெரிந்துதான் சொல்கிறேன். ஒவ்வொரு சென்சாருக்கும் உரிய திருத்தம் அதனதன் பிளக்குக்குள்ளேதான் வைத்திருக்கிறார்கள். பிளக் போனால் சென்சாரும் போன மாதிரிதான்.

உன்னைப் பார்த்துப் பொறாமை எனக்கு நிறையவே இருக்கிறது. அதை நான் ஒளிக்கவில்லை. காலையில் எழுந்து ஷட்டரைத் தூக்கினால் எல்லாமே உன்னுடையது. இங்கே நான் பார்க்கிற என்ஜின் எதுவும் எந்த ரோட்டிலும் ஓடி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பொறாமையை ஒரு என்ஜின் மேல் காட்ட மாட்டேன். நம்பினால் வாங்கு.

கௌசல்யா

*

திண்டுக்கல்
23.8.2004

கௌசல்யாவுக்கு,

வாங்கிவிட்டேன். ஜெர்மன்தான். கடைக்காரன் கடைசி வரை ஜப்பானையே நீட்டினான். "எந்தங்கச்சி வேணாம்னுச்சு" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதுதான் எனக்குத் தோதுப்படும் என்று நானே கண்டுபிடித்த மாதிரி சொல்லி வாங்கி வந்தேன்.

ஆடிக் கடைசி வெள்ளியன்று பட்டறையில் பூஜை போட்டோம். புதுச் சாமானைச் சாமி கும்பிடாமல் வண்டியில் ஏற்றக் கூடாது என்று உன் அண்ணி மகேஸ்வரி ஒரே பிடியாக நின்றாள். நடு வாசலில் பலகை போட்டு, இலை விரித்து, சென்சாரையும் பெட்டியையும் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சர்க்கரைப் பொங்கல் படைத்தோம். அம்மா தணல் சட்டியைக் கொண்டுவந்து பலகைக்கு முன்னாலேயே வைத்து ஒரு கை சாம்பிராணியை அள்ளிப் போட்டதில் சாமானே கண்ணுக்குத் தெரியவில்லை. செபஸ்தியான் சார் வந்திருந்தார். அவரும் கை கூப்பி நின்று பொங்கலை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு மனது நிறைந்துவிட்டது.

பத்து நாளாக அந்தக் காரோடுதான் இருக்கிறேன். மீட்டரைப் பார்த்ததும்தான் தெரிந்தது, கம்பெனிக்காரன் பெட்ரோலைக் கண்டபடி ஊற்றியிருக்கிறான். முழு மிதியில் பதினொன்றுக்குப் பக்கத்தில் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோலைக் குறைத்து நீ சொன்ன பன்னிரண்டரைக்குக் கொண்டுவந்தேன். வண்டி பறக்கிறது. பைபாஸில் ஓட்டிப் பார்த்துவிட்டு செபஸ்தியான் சார் என் தோளைத் தட்டினார். ஆல்வின் பேச்சையே காணோம்.

உனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு இப்போது எனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். நீ பட்டறைக்கு வர வேண்டிய அவசியம் இருக்காது.

சோலைமலை

*

திண்டுக்கல்
27.8.2004

கௌசல்யாவுக்கு,

இப்போது உனக்குத் திருப்திதானே.

நேற்று செபஸ்தியான் சாரும் நானும் வடமதுரை தாண்டி அய்யலூர் பக்கம் வண்டியை எடுத்துப் போனோம். கடைசியாக ஒரு முழு மிதி பார்த்துவிடலாம் என்றார். மீட்டர் பன்னிரண்டரை காட்டுகிறது. ஒரு மயிரிழை நகரவில்லை. உள்ளேயிருந்து சலங்கை மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், பெட்ரோல் பத்தாத என்ஜின் போடுகிற சத்தம். காலை எடுங்க சார் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மீட்டரைப் பார்த்தேன், நம்பர் சரியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். பிறகு ஒரு அடி. பின்னால் வெள்ளைப் புகை. பிஸ்டனில் கட்டை விரல் நுழைகிற ஓட்டை.

சந்தை நாள் வேறு. ஆடு ஏற்றிய வண்டிகளெல்லாம் நின்று வேடிக்கை பார்த்தன. பந்தயக் காரை ஆட்டு வேனுக்குப் பின்னால் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தோம். வழி முழுக்க ஆடுகள் எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தன. செபஸ்தியான் சார்தான் ஊர் வரைக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "என்னாச்சு சோலை?" என்று மட்டும் கேட்டார்.

"எந்தங்கச்சி வாங்கச் சொன்ன மீட்டர் சார், அது காட்டுனபடிதான் வச்சேன்" என்றேன்.

அதில் ஏதாவது பொய் இருக்கிறதா? கடைக்காரன் தலையால் அடித்துக்கொண்டான் ஜப்பான் வாங்கு என்று. உன் பேச்சைக் கேட்டேன். எனக்கு ஒரு மூலை கொடுக்காதவன் பட்டறை எப்படி நடக்கிறது பார்க்கிறேன் என்று நினைத்தாயோ என்னவோ. என் காது சரியாகத்தான் சொன்னது. உன் நம்பர்தான் பொய் சொன்னது.

சோலைமலை

*

ஸ்ரீபெரும்புதூர்
7.9.2004

அண்ணனுக்கு,

கம்பெனி வேலையாகப் பூனா போயிருந்தேன். திரும்பி வந்தபோது உன் இரண்டு கடிதமும் ஒன்றாகக் கிடந்தன. அதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூனாவிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். அம்மா எடுத்தாள். அப்பாவைக் கூப்பிடு என்றேன். போனில் அவர் இருமுவது கேட்டது. வரவில்லை. பிறகு அம்மாதான் மெதுவாகச் சொன்னாள். செபஸ்தியான் சார் நம் வீட்டுக்கே வந்து அப்பாவிடம், "ஒங்க மக சொன்ன சாமான்தான் என் என்ஜினைத் தின்னுருச்சாம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதிலிருந்து அப்பா என் பேச்சை எடுப்பதே இல்லையாம்.

அழுதுகொண்டேதான் உன் கடிதங்களைப் படித்தேன். முதல் கடிதத்தில் பாதி வந்ததும் அழுகை நின்றுவிட்டது. எழுந்துபோய் அம்மாவுக்கு மறுபடி போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பூஜை நடக்கும்போது மீட்டர் எரிந்ததா? "எரியாம? பேட்டரிய மாட்டி எரிய விட்டுத்தான தீபாராதனை காட்டுனோம். சிவப்பு லைட்டு செத்த நேரம் மினுக்கு மினுக்குன்னு மின்னிட்டு அப்புறம் நின்னு எரிஞ்சுச்சு. சாமியே கண்ணைத் தொறந்த மாதிரி இருந்துச்சு" என்றாள்.

அண்ணே, அந்த லைட் மினுக்கியபோதுதான் பெட்டி காற்றைப் படித்துக்கொண்டிருந்தது. சென்சாருக்கு முன்னால் இருந்தது என்ன? தணலும் ஒரு கை சாம்பிராணிப் புகையும். தணலிலிருந்து வருகிற வாயுவும் புகையும் சென்சார் முனையில் பிராணவாயுவைத் தின்றுவிடும். அதை 'இதுதான் நல்ல காற்று' என்று பெட்டி மனப்பாடம் செய்துவிட்டது. அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அது கூட்டியே சொல்லும். பெட்ரோல் கொஞ்சம் அதிகமாக இருந்தால் ரொம்ப அதிகம் என்று காட்டும். கம்பெனிக்காரன் கண்டபடி ஊற்றவில்லை. நீ குறைத்துக்கொண்டே போயிருக்கிறாய். மீட்டர் பன்னிரண்டரை என்று சொன்னபோது உள்ளே பதின்மூன்றைத் தாண்டியிருக்கும். அந்த வெயிலில், முழு மிதியில், பெட்ரோல் பத்தாமல் பிஸ்டன் உருகிவிட்டது.

குழாயில் மாட்டாமல் வெளியே வைத்துச் சுவிட்ச் போடு என்று எழுதினேன். நீ அப்படியேதான் செய்திருக்கிறாய். புகை காட்டாதே என்று எழுத எனக்குத் தோன்றவில்லை. வேறு யாருக்கும் தோன்றாமல் போகலாம். புது ஸ்க்ரூ டிரைவருக்குக்கூடச் சூடம் காட்டுகிற வீட்டில் பிறந்தவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அந்தப் பங்கு என்னுடையது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீயே பார். சென்சாரை நம் பழைய ஜீப்பில் மாட்டி ஓட விட்டு நம்பரைக் குறித்துக்கொள். பிறகு கழற்றி ஆத்தூர் அணைக்கரைக்கு எடுத்துப் போ. வண்டியை நிறுத்தி ஆறவிட்டு, காற்று வருகிற பக்கம் சென்சாரைப் பிடித்துக்கொண்டு மறுபடி காற்றைப் படிக்க வை. பீடி குடிக்காதே. திரும்ப அதே ஜீப்பில் மாட்டிப் பார்.

நம்பர் மாறினால் செபஸ்தியான் சாரிடமும் அப்பாவிடமும் நீ சொல்ல வேண்டும். என் பெயரை நீதான் அங்கே கொண்டுபோய்ப் போட்டாய்.

கௌசல்யா

*

திண்டுக்கல்
20.9.2004

கௌசல்யாவுக்கு,

ஆத்தூர் போய் வந்தேன். நம்பர் மாறியது. முன்னே பன்னிரண்டரை காட்டிய ஜீப் இப்போது பதின்மூன்றுக்கு மேலே காட்டுகிறது. சென்சார் மேல் தப்பு இல்லை. நீ சொன்னதுதான் சரி. இதை எழுதவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

என்ஜினை இறக்கிப் புது பிஸ்டன் போட்டு முடித்துவிட்டேன். ஆனால் செபஸ்தியான் சாரிடம் சொல்ல மாட்டேன். என்னால் முடியாது. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். முதலில் சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, இம்புட்டு தூரத்திலிருந்து கடிதத்தைப் படித்தே கண்டுபிடித்த பிள்ளை யார் என்று கேட்பார். "அப்ப அந்தப் பிள்ளையவே வரச் சொல்லு" என்பார். ஆல்வினிடம் கார் போனால் ஊரில் நாலு பேரிடம் அவனைத் திட்டியாவது ஆற்றிக்கொள்வேன். உன்னிடம் போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

அப்பாவை நினைத்துப் பார். இப்போதே அவருக்கு நீ என்றால் ஒரு தட்டு மேல். நான் பாலிடெக்னிக்கில் பெயிலாகி வந்த அன்று, "இவனுக்குப் பட்டறையாச்சும் இருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். நீ சும்மா கிடைத்தது என்று எழுதியிருந்தாயே, அது இப்படித்தான் கிடைத்தது. அந்த 'ஆச்சும்' பன்னிரண்டு வருடமாக என் காதில் இருக்கிறது. செபஸ்தியான் சார் ஒருவர்தான் என்னைத் தேடி வந்தவர். மற்றவர்களெல்லாம் வண்டி நின்ற இடம் நம் பட்டறைக்குப் பக்கம் என்பதால் வந்தவர்கள்.

உனக்கு வேலை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது, ஜப்பான் சென்சார் இருக்கிறது. இந்த ஒன்றை எனக்கு விட்டுவிடு.

சோலைமலை

*

ஸ்ரீபெரும்புதூர்
28.9.2004

அண்ணனுக்கு,

நான்கு ஞாயிற்றுக்கிழமையாக அப்பா போனுக்கு வரவில்லை.

நீ ஒரு என்ஜினை உடைத்தாய். மறுநாளும் ஷட்டரைத் தூக்கி உள்ளே போனாய். யாரும் உன்னைத் தடுக்கவில்லை, மத்தியானம் அண்ணி சோறு கொடுத்துவிட்டிருப்பாள். நான் ஒரு தப்பும் செய்யவில்லை. என் அப்பாவின் குரலைக் கேட்க முடியவில்லை. எனக்கு உன் மேல் என்ன பொறாமை என்று கேட்டால் இதுதான். பட்டறை கூட இல்லை. நீ தப்பு செய்துவிட்டும் அங்கேயே இருக்கலாம்.

அப்பா சொன்ன 'ஆச்சும்' எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பொங்கலன்று கொஞ்சம் குறைத்துப் பேசியிருப்பேன். அதற்காக நீ செய்ததை நான் சுமக்க முடியாது.

செபஸ்தியான் சாரின் தோல் மண்டி நம்பரைக் கண்டுபிடிப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை. நானே கூப்பிட்டு நடந்ததைச் சொல்லலாம். அப்பாவிடமும் சொல்லலாம். செய்ய மாட்டேன். நான் சொன்னால் அது என் சமாதானம். நீ சொன்னால்தான் அது நடந்தது. உன் வாயிலிருந்து போனது உன் வாயாலேயே திரும்பி வர வேண்டும்.

இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

கௌசல்யா

*

திண்டுக்கல்
4.10.2004

கௌசல்யாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. செபஸ்தியான் சார் சர்ச்சில் பூசை முடிந்து வருகிற நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எதற்கு என்று அவர் கேட்டார். வாங்கப்பா என்று மட்டும் சொன்னேன்.

நின்றுகொண்டே சொன்னேன். சாமான் நல்ல சாமான், தங்கச்சி சரியாகத்தான் எழுதியது, நான்தான் சாம்பிராணிக்கு முன்னால் வைத்துச் சுவிட்சைப் போட்டேன், தெரிந்த பிறகும் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தேன் என்றேன். நான் நினைத்த மாதிரியே சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். "நானும்ல கை கூப்பி நின்னேன்" என்றார். அப்பா சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நான் நினைத்த மாதிரியே கேட்டார். "அந்தப் பிள்ள நம்பர் இருக்கா சோலை?"

இல்லை சார், பட்டறையில் இருக்கிறது, தேடித் தருகிறேன் என்றேன். உன் ஆபீஸ் நம்பர் எனக்கு மனப்பாடம். தெரு முனை வந்ததும் அப்பா நின்றுவிட்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார். நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்த பேனா. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவர் மேலா, உன் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

பட்டறைக் கார்டு ஒன்று பையில் இருந்தது. அதன் பின்னால் உன் நம்பரை எழுதி, திரும்பப் போய் செபஸ்தியான் சார் கையில் கொடுத்தேன். பந்தயத்துக்கு முன்னால் இரண்டு நாள் அந்தப் பிள்ளை இங்கே வந்து காரைப் பார்க்கட்டும் என்றார். நம் பட்டறையில் வைத்தே பார்க்கட்டும் என்று நான்தான் சொன்னேன். அதை அவர் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

வயிறு எரிகிறது கௌசல்யா. ராத்திரி சோற்றுக்கு மகேஸ்வரி என்ன வெஞ்சனம் வைத்தாள் என்று கேட்டால்கூடத் தெரியாது. நாளைக்கு நீ வந்து லேப்டாப்பைத் திறந்து உட்காரும்போது அப்பா பக்கத்தில் நிற்பார், எனக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு நான் எங்கே நிற்பது என்று இப்போதிருந்தே யோசிக்கிறேன்.

இந்தக் கடிதம் கிடைக்கிற நாளில்தான் செபஸ்தியான் சார் கூப்பிடுவார். எடு. வேலையை ஒத்துக்கொள். என்னைப் பற்றிக் கேட்டாரென்றால் உள்ளதைச் சொல்லு. ஆனால் கொஞ்சம் பார்த்துச் சொல்லு.

சோலைமலை